மட்டை போட்ட பூவல்

அந்த அக்காவை நான் முதன்முதல் கண்டபோது அவர் துப்பிக்கொண்டிருந்தார்.

கண்ட இடம் முகாம். சண்டை முடிந்து எங்களைக் கம்பிவேலிக்குள் வைத்திருந்த காலம். தண்ணீர்ப் பவுசர் வண்டி வந்தால் வாளி, கான், போத்தல், சோற்றுச் சட்டி என்று கையில் அகப்பட்டதோடு சனம் ஓடும். நான் முழங்கையால் ஒரு தனிச் சண்டை பிடித்து இரண்டாவது இடத்துக்கு முன்னேறியிருந்தேன். எனக்கு முன்னால் ஒல்லியான ஒரு அக்கா. குழாயடியில் பேணியைப் பிடித்தார். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, இடது பக்கமாகத் துப்பினார். துப்பிய இடத்தில் ஒரு சிப்பாயின் சப்பாத்து நின்றது.

வரிசை அப்படியே உறைந்தது. சிப்பாய் துவக்கைத் தோளில் ஏற்றி, "மொக்கத?" என்று சிங்களத்தில் என்னவென்று கேட்டான். நான் உடனே எனக்குப் பின்னால் நின்ற கிழவரை முன்னுக்கு விட்டேன். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவன் நான்.

அக்கா சப்பாத்தைப் பார்க்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பவுசரைக் காட்டி, "லுணு" என்றார். உப்புக்கு அதுதான் சிங்களம். அவருக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த ஒரு சொல்தான் என்று பிறகு அறிந்தேன். பேணியை அப்படியே அவனிடம் நீட்டினார். அவன் துவக்கைப் பார்த்தான், பேணியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். வாங்கி ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. அவனும் துப்பினான், தன் மற்றச் சப்பாத்தில்.

பவுசர் திரும்பிப் போனது. அன்றைக்கு அவ்வளவு சனமும் நாக்கு வறண்டு கிடந்து அக்காவைத் திட்டியது. ஆகக் கூடத் திட்டியவன் நான். மறுநாள் நல்ல தண்ணீர் வந்தது. அதற்கு யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அதிலும் முதல் ஆள் நான்தான்.

பிறகு மீள்குடியேற்றம் என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டிக்கு அங்கால், என் மனுசியின் சீதனக் காணி இருந்தது. அரை ஏக்கர். கலியாணம் கட்டிப் பதினைந்து வருசம் கழித்துத்தான் என் சீதனத்தின் முகத்தைப் பார்த்தேன். மணலும் முள்ளும் பனைவடலியும். பக்கத்து அரை ஏக்கரில் ஒரு மூட்டையோடு யாரோ இறங்கி, இடுப்பில் கையை வைத்து நின்றார்கள். திரும்பியபோது பார்த்தால், சப்பாத்தில் துப்பிய அக்கா.

"நீதானே கிழவனை முன்னுக்குத் தள்ளினவன்?" என்றார்.

இப்படித்தான் நாங்கள் அயலட்டை ஆனோம்.

நான் மீன்பிடிக் குடும்பம். ஆனால் கடலில் இறங்கினால் மீனுக்குத் தீனி போடுவது என் வயிறுதான். வள்ளத்தில் காலை வைத்தாலே வாந்தி. பள்ளிக்கூடமும் அப்படித்தான், மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நான் மற்றப் பக்கம் இடம்பெயர்ந்தேன், பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. மிஞ்சியது தோட்டம். தோட்டத்தில் எனக்குத் தெரிந்தது வெங்காயம் மண்ணுக்குள் விளையும் என்பது மட்டும்.

அக்காவுக்குத் தெரியாதது எதுவும் அந்த மண்ணில் இல்லை. எங்கள் பக்கம் வெறும் மணல். இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் ஊறும், நல்ல தண்ணீர். அந்தப் பள்ளத்துக்குப் பூவல் என்று பெயர். அக்கா தன் வளவில் ஐந்து பூவல் வைத்திருந்தார். இரண்டு எங்கள் வேலியோரம், ஒன்று நடுவில், இரண்டு அந்தத் தலைப்பில். ஒரு நாளைக்கு ஒரு பூவலில்தான் அள்ளுவார். மற்ற நாலின்மேலும் குறுக்கே ஒரு பனைமட்டை கிடக்கும். மட்டை கிடந்தால் அந்தப் பூவல் படுத்திருக்கிறது என்று அர்த்தம். கடவுளே வந்து கேட்டாலும் அதில் ஒரு சிரட்டை அள்ள விடமாட்டார். இரண்டு கையிலும் இரண்டு பூவாளி. பூவலுக்கும் பாத்திக்கும் நடந்து நடந்தே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் ஊற்றி முடிப்பார்.

அதற்கு முன்னால் ஒரு சடங்கு. விடிந்ததும் மட்டைகளைத் தூக்கி, ஐந்திலும் ஒவ்வொரு வாய் எடுத்து, உருட்டி, இடது பக்கம் துப்புவார். "நல்லது" என்பார். உப்புத் தொட்டிருந்தால் "சவர்" என்பார். மூன்றாவது சொல் கிடையாது.

ஒருநாள் வேலியால் எட்டிக் கேட்டேன். "நல்ல தண்ணியை ஏன் அக்கா துப்புறியள்? விழுங்கினா வயித்துக்காவது போகுமே."

"விழுங்கினா நாக்கு பழகிப் போகும். பழகின நாக்கு பிறகு உண்மை சொல்லாது."

"என்ர நாக்கு எல்லாத்தையும் விழுங்கும் அக்கா."

"அதுதான் பாக்கிறனே."

கலியாண வீடு, செத்தவீடு, கோயில் என்று எங்கே போனாலும் அக்காவின் வாய் சும்மா இருக்காது. ஒரு கலியாணப் பேச்சில் பலகாரத் தட்டு வருமுன் தண்ணீர் கேட்டார். பொம்பிளை வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் இருந்த கதிரையெல்லாம் நிறைந்திருந்து கதைத்துக்கொண்டிருந்த நேரம். உருட்டினார். வாசலுக்குப் போய்த் துப்பினார். "சவர்" என்றார், சபை முழுக்கக் கேட்க.

மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் கறுத்தது. "என்ன அக்கா, நல்ல காரியம் நடக்கிற வீட்டில..."

"நல்ல காரியம் எண்டபடியாத்தான் சொல்லுறன். இங்க வாழ வாற பிள்ளை நாளைக்குக் குடத்தோட எவ்வளவு தூரம் நடக்கோணும்? கதையுங்கோ, அதையும் கதையுங்கோ."

கலியாணம் இரண்டு மாதம் தள்ளிப் போனது. பொம்பிளை வீட்டு வளவில் வீடு கட்டிக் குடிபோவது என்று முடிவான பிறகுதான் நடந்தது. மாப்பிள்ளையின் தாய் அதற்குப் பிறகு அக்காவோடு ஒரு சொல் பேசியதில்லை. அக்காவுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. தண்ணீர் விசயத்தில் அவர் யாருக்காகவும் ஒரு பொய் சொல்லிக் கேட்டவர் எங்கள் ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இல்லை.

இதை மனதில் வைத்திருங்கள். எனக்குத்தான் அப்போது மனதில் நிற்கவில்லை.

பம்பு வந்தது.

ஒரு நிறுவனத்துத் தம்பி தொப்பியும் கோப்புமாக வந்து, எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டுக்கு ஒரு தண்ணிப் பம்பு இலவசம் என்றார். குழு வேண்டும், குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்றார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். தலைவருக்கென்று முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தது. நான் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். கதிரைக்காகத்தான் தலைவர் ஆனேன்.

"கையெழுத்து வையுங்கோ அண்ணை."

"எழுத்து வராது தம்பி. கை மட்டும் வரும்."

பெருவிரலை ஊன்றினேன். அக்கா குழுவில் சேரவில்லை. மற்ற நாலு வீடும் கடலுக்குப் போகிற வீடு. பம்பு என் வளவிலேயே நின்றது.

ஆனால் பூவலுக்குள் பம்பைப் போட்டால் பத்து நிமிசத்தில் மணலை உறிஞ்சும். ஆகவே கொங்கிறீட் வளையம் இறக்கிக் கிணறாக்க வேண்டும் என்றார் தம்பி. தோண்டத் தொடங்கினோம். இரண்டாள் ஆழம் போனபோது வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் அக்கா வந்தார்.

"எவ்வளவு ஆழம் போகப் போறியள்?"

"இன்னும் ஆறடி அம்மா. அதுக்குப் பிறகு எவ்வளவு இறைச்சாலும் குறையாது," என்றார் தம்பி பெருமையாக.

"குறையாதுதான். கடல் எப்ப குறைஞ்சது?"

தம்பி சிரித்தார். தலைவர் என்ற முறையில் நான் அதைவிடப் பெரிதாகச் சிரித்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"டேய், வடிவாக் கேள். மேல கிடக்கிறது மழைத் தண்ணி. ஒரு பாய் விரிச்ச மாதிரித்தான் கிடக்குது. அதுக்குக் கீழ முழுக்க உப்பு. மெல்ல மெல்ல மேலால அள்ளினா எங்கட பேரப்பிள்ளையளுக்கும் காணும். நீ பாயைக் கிழிச்சியெண்டா கீழ கிடக்கிறது மேல வரும். உனக்கு ஒரு பாய், எனக்கு ஒரு பாய் இல்லை. வேலி மேலதான் கிடக்குது. கீழ வேலி இல்லை."

"நீங்களும் வேணுமெண்டா பம்பில இறையுங்கோ அக்கா. நான் தலைவர், அனுமதி தாறன்."

மனுசி என் தலையில் குட்டினாள். அக்கா பொட்டுக்குள்ளால் திரும்பிப் போனார். எரிச்சல் என்று நினைத்தேன். பூவாளியோடு நடந்து இடுப்பும் நாரியும் முறிகிற ஆளுக்குப் பம்பைக் கண்டால் எரியாதா?

அந்த வருசம் அரை ஏக்கர் முழுக்க வெங்காயம் நட்டேன். காலையில் பம்பைத் தட்டிவிட்டு வேம்புக்குக் கீழே படுப்பேன். தண்ணீர் வாய்க்காலால் தானே ஓடி, பாத்தி பாத்தியாகத் தானே நிறையும். வேலிக்கு அங்கால் அக்கா இரண்டு பூவாளியோடு போவதும் வருவதுமாக இருப்பார். "நாரி நோகேல்லையோ அக்கா?" என்று கத்துவேன். பம்புச் சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோல நடப்பார். என் வெங்காயத் தாள் முழங்கால் உயரம் நின்றது. பாயும் கடலும் என்ற கதையை ஒழுங்கை முழுக்க அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பித்தேன்.

ஆறாவது கிழமை ஒரு காலை. வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலியோரப் பூவலில் ஒரு வாய் எடுத்து உருட்டித் துப்பினார். பிறகு திரும்பக் குனிந்து இன்னொரு வாய் எடுத்தார். ஒரே பூவலில் அவர் இரண்டு தரம் வாய் வைத்து நான் கண்டதில்லை.

நேரே வந்தார். என் குழாய் வாயில் கையை ஏந்தினார். உருட்டினார். துப்பியது என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"சவர் எட்டிப் பாக்குது. இண்டையோட நிப்பாட்டு."

"இன்னும் மூண்டு கிழமைதான் அக்கா. கிண்டி எடுத்த பிறகு நிப்பாட்டுறன்."

"மூண்டு கிழமை தாங்காது."

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சத்தியமாக நல்ல தண்ணீர்தான். ஆறு கிழமையாக அதைத்தானே குடிக்கிறேன்.

"நல்லாத்தானே இருக்கு?"

"விழுங்கிப்போட்டுக் கதைக்கிறாய்," என்றார்.

மறுநாள் காலை பம்பைத் தட்டினேன். தண்ணீர் குழாயின் பாதி தூரம் ஓடியிருக்காது. அக்கா நின்றார், கையில் ஓலை வெட்டும் கத்தியோடு. குனிந்து, கத்தி வாயைக் குழாயில் வைத்தார்.

"நிப்பாட்டுறியோ, வெட்டட்டோ?"

மனுசி குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"அக்கா, உது நிறுவனத்துச் சாமான். வெட்டினா பொலிசு வரும்."

"வரட்டும். வாறவைக்கும் குடிக்கத் தண்ணி வேணும்."

கத்தி அசையவில்லை. அதன் கீழே குழாய் தண்ணீர் போகப் போக விம்மியது. பம்பை நிறுத்தினேன். அவர் போகவில்லை. எஞ்சினில் உள்ளங்கையை வைத்து, அது ஆறும்வரைக்கும் அப்படியே நின்றார்.

"சத்தியம் பண்ணு."

"அந்தோனியார் சத்தியமா, இனிப் போட மாட்டன்."

"என்னைப் பாத்துச் சொல்லாதை. மனுசியைப் பாத்துச் சொல்லு."

மனுசியைப் பார்த்துச் சொன்னேன். அதுதான் பிறகு கூடச் சுட்டது.

நாலு நாள் வாளியால் அள்ளி ஊற்றினேன். அரை ஏக்கருக்கு வாளி என்பது, தேக்கரண்டியால் ஆட்டுக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல. வாளி ஒரு பாத்தியை நனைக்க முன் மற்றப் பாத்தி காய்ந்தது. தாள்கள் தலையைத் தொங்கப்போட்டன. ஐந்தாம் நாள் குருத்தோலை ஞாயிறு.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், வருசத்தில் ஆக நீண்ட பூசைகளில் அது ஒன்று. ஓலை ஆசீர்வதித்து, பவனி வந்து, பிறகு ஆண்டவர் பட்ட பாடுகளின் வாசகம் முழுவதும் நின்றபடி கேட்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் ஒழுங்கையில் ஆளிருக்காது. "தலையிடி," என்று பாயில் சுருண்டேன். மனுசி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு போனாள். அக்கா வெள்ளை முக்காட்டோடு போவதை ஓலைக்குள்ளால் பார்த்தேன். கோயில் மணி அடித்தது. பம்பைத் தட்டினேன்.

அரை மணித்தியாலம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாடிக் கிடந்த தாள் ஒவ்வொன்றாக நிமிர்வதைப் பார்க்கப் பார்க்கக் கை நிறுத்த வரவில்லை. இந்தப் பாத்தி முடியட்டும், அந்தப் பாத்தி முடியட்டும். ஒழுங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டு மண்வெட்டியால் வாய்க்கால் திருப்பினேன். எஞ்சின் சத்தத்தில் யார் வந்தாலும் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்தேன்.

வேலிப் பொட்டில் அக்கா. வெள்ளை முக்காடு, கையில் குருத்தோலை.

"காத்து கோயில் பக்கம் அடிக்குது," என்றார். "சுவாமி பாடுகளை வாசிக்கிறார். எனக்கு உன்ர பம்புதான் கேட்டது."

திட்டவில்லை. கத்தியும் இல்லை. குழாய் வாயில் கையை ஏந்தினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்து உருட்டினார். துப்பினார். சொல்ல வேண்டிய அந்த ஒற்றைச் சொல்லைக் கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த குருத்தோலையைக் கிணற்றுக் கட்டின் குறுக்கே வைத்து, காற்றில் பறக்காமல் இரண்டு தலைப்பிலும் கல் வைத்தார். பூவல்களுக்கு மட்டை போடுவதுபோலவே. பிறகு மிச்சப் பூசைக்குத் திரும்பிப் போனார்.

நான் பம்பை நிறுத்தினேன். அந்த ஓலையை எடுத்து அப்பால் வைக்க எனக்குக் கை வரவில்லை. அது ஆசீர்வதித்த ஓலை. நானோ பூசையை ஏமாற்றியவன், அந்தோனியார் சத்தியத்தை முறித்தவன், தலையிடி இல்லாதவன். எந்தக் கையால் எடுப்பது?

பின்னேரம் கழுதைகள் வந்தன. மன்னார்க் கழுதைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவை சீமெந்துப் பையைத் தின்னும், காயப்போட்ட சட்டையைத் தின்னும், ஒருமுறை என் வாக்காளர் அட்டையைத் தின்றது ஒன்று. அவை என் வாய்க்காலில் தேங்கி நின்ற தண்ணீரில் மூஞ்சியை வைத்தன. மேலுதட்டைத் தூக்கின. திரும்பி நடந்தன. எங்கள் ஒழுங்கையில் பம்புத் தலைவரைவிட விசயம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். எட்டு. எட்டுக்கும் நாலு கால்.

செவ்வாய்க்கிழமை தாள் நுனி கருகியது. பெரிய வெள்ளியன்று அரை ஏக்கரும் நெருப்புக் காட்டியதுபோல நின்றது. வேலியோரத்து இரண்டு பூவலும் அக்காவுக்குச் சவராகின. அந்தப் பக்கத்து அவருடைய பாத்திகளும் மஞ்சளாகின. அவர் நடுவில் குந்தி ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி, மணந்து, கீழே போட்டார். வேலிக்கு இங்கால் நான் திட்டுக்காகக் காத்து நின்றேன். திட்டினால் பதிலுக்கு ஒரு பகிடி விட்டுத் தப்பலாம். திட்டாத ஆளோடு என்ன செய்வது?

உயிர்த்த ஞாயிறு காலை வேலிக்கு அங்காலிருந்து குரல் வந்தது.

"பம்பு!"

அதற்குப் பிறகு என் பெயர் அதுதான்.

"ரெண்டு வாளியைக் கொண்டு வா. அந்தத் தலைப்புப் பூவலில அள்ளு. மேலால அள்ளு, கலக்காதை. உன்ர தோட்டத்தில இன்னும் உயிர் கிடக்கிற பத்துப் பாத்தியைப் பாத்து ஊத்து. மிச்சத்தை விடு."

அள்ளினேன். ஒரு கிழமை கழித்துத்தான் கண்டேன், அக்காவின் அந்தத் தலைப்பில் நல்ல பச்சையாக நின்ற பாத்திகள் வாடிக் கிடந்தன. எண்ணினேன். பத்து.

பம்பைத் திருப்பிக் கொடுத்தேன். வளையங்களைக் கழற்றி, கிணற்றை மணலால் நிரப்பி, அதே இடத்தில் இடுப்பளவில் ஒரு பூவல் வைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலை, தன் ஐந்தையும் முடித்துவிட்டு அக்கா பொட்டுக்குள்ளால் வருவார். என் பூவலில் ஒரு வாய். உருட்டல். துப்பல். "சவர்." மனுசிக்குக் கேட்கும் அளவுச் சத்தத்தில். மனுசி என்னைப் பார்ப்பாள். நான் வானத்தைப் பார்ப்பேன். நாலு மாரி மழை பெய்து போனது. நாலு வருசமும் காலைத் தேத்தண்ணீருக்கு முன் எனக்கு அந்தச் சொல் கிடைத்தது. நானும் அவருக்குப் பின்னால் நின்று உருட்டித் துப்பப் பழகினேன். சவர்தான்.

ஐந்தாம் வருசம் அக்காவுக்குக் காய்ச்சல். மன்னார் ஆசுப்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்து, முன்னையதில் பாதி ஆளாக வந்தார். வந்த மறுநாளே வெங்காய நாற்று வைத்தார். பன்னிரண்டு பாத்தி. அன்றைக்குப் பத்துப் பாத்தியைக் காயவிட்டு மிஞ்சியதில் எடுத்த விதையின் வழி வந்த நாற்று. அதைவிட வேறு விதை அவரிடம் இல்லை.

மறுநாள் காலை என் பூவலுக்கு வந்தார். ஒரு வாய் எடுத்தார். உருட்டினார். துப்பினார்.

"நல்லது."

எனக்குக் காது அடைத்தது. "என்ன அக்கா?"

"நல்லது எண்டனான். செவிடோ?"

மனுசியைக் கூப்பிட வாயைத் திறந்துகொண்டே குனிந்து நானும் ஒரு வாய் எடுத்தேன்.

அந்தத் தண்ணீரில் சோறு காய்ச்சினால் உப்புப் போடத் தேவையில்லை.

துப்பிவிட்டு அக்காவைப் பார்த்தேன். இரக்கத்துக்காகச் சொல்கிறாரா? ஒரு கலியாணத்தையே தள்ளிப்போட வைத்த ஆள், எனக்காகவா இரங்கிப் பொய் சொல்வார்? அதற்குள் அவர் தன் வளவுக்குப் போய்விட்டார். வேலியோரப் பூவலில் ஒரு வாய் எடுத்தார், உருட்டினார், "நல்லது" என்றார். நாலு வருசமாகச் சவரடித்துக் கிடக்கிற பூவல். மட்டையைத் தூக்கி அப்பால் போட்டார். பூவாளியை உள்ளே இறக்கினார்.

அப்போதுதான் விளங்கியது. காய்ச்சல் அந்த நாக்கைக் கொண்டுபோய்விட்டது. அவருக்குத் தெரியாது.

பூவாளி நிறையும் சத்தம் கேட்டது. நேற்று வைத்த நாற்று. அது கருக ஒரு பூவாளி போதும்.

"அக்கா!"

"என்ன?"

சொல்ல வேண்டிய வசனம் சின்னதுதான். உங்களுக்கு உருசி தெரியவில்லை. ஆயிரம் பகிடி விட்ட வாய்க்கு அது வரவில்லை. அவரிடம் வேறு என்ன இருந்தது, அந்த நாக்கைத் தவிர?

"அதுக்குள்ள ஓணான் செத்துக் கிடக்கு."

"எங்க?"

"அடியில. நான் எடுத்துப்போட்டுச் சொல்லுறன். நீங்கள் நடுப் பூவலில அள்ளுங்கோ."

அக்கா பூவலுக்குள் பார்த்தார். இடுப்பளவுப் பள்ளம், அடி மணல் பளிச்சென்று தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கத்தியோடு நின்ற அன்றைக்கு நான் கண்ட அதே பார்வை. மெல்லப் பூவாளியைச் சரித்து, அள்ளியதை அதற்குள்ளேயே ஊற்றினார். மட்டையை எடுத்துக் குறுக்கே வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் எழும்ப முன் நான் பொட்டுக்குள்ளால் போனேன். ஐந்திலும் ஒவ்வொரு வாய். சவருக்கு மட்டை, படுத்திருக்க வேண்டியதற்கு மட்டை. அன்றைக்கு அள்ளக்கூடிய ஒன்றின்மேல் மட்டும் மட்டை இராது. திரும்பி வந்து வேலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அக்கா வருவார். வழமைபோல ஐந்தையும் உருட்டித் துப்பி, ஐந்துக்கும் "நல்லது" சொல்வார். பிறகு மட்டை இல்லாததில் அள்ளுவார். ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம். சவர் அரும்பினால் என் நாக்கு பிடிக்குமா? முதல் தரம் இந்த அக்காவின் தோட்டத்தைக் கெடுத்தது மொக்குத்தனத்தால். இரண்டாம் தரம் கெடுத்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது? அவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று என் காலடித் தடத்தைக் கூட ஓலையால் கூட்டி அழித்துவிட்டு வருவேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

நாற்று வேர் பிடித்தது. தாள் எழும்பியது. ஒன்றரை மாதம் இப்படியே போனது.

ஒருநாள் கோயில் பெருநாள் முடிந்த மறுநாள், நித்திரை என்னை விடவில்லை. கண் விழித்தபோது வெயில் கூரையோலைக்குள்ளால் முகத்தில் குத்தியது. பாய்ந்து வேலிக்கு ஓடினேன்.

அக்கா பூவல்களுக்கு நடுவில் நின்றார். இரண்டு கையிலும் இரண்டு வெறும் பூவாளி. ஐந்து பூவலும் மட்டையில்லாமல் திறந்து கிடந்தன. எதிலும் அவர் கை வைக்கவில்லை.

"டேய் பம்பு!" என்று கத்தினார். "வெயில் ஏறுது. மட்டை எங்க?"

பொட்டுக்குள்ளால் போனேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து, உருட்டி, இடது பக்கம் துப்பிக்கொண்டு போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"நடுப் பூவல், அக்கா."

"நல்லதோ?"

"நல்லது."

"விழுங்கினியோ?"

"இல்லை. துப்பினனான்."

"ம்," என்றார். பூவாளியை இறக்கினார்.